கல்லுக்கு அடியில் கரி

உங்கள் சர்வேயர் பயிற்சியின் கடைசி நாளில் உங்கள் முன்னால் பேசக் கூப்பிட்டார்கள். வந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள், பத்து நிமிடம் கொடுத்தார்கள், எட்டாவது நிமிடத்தில் வடையும் டீயும் வந்துவிட்டன. ஒரு வாழ்நாள் சர்வே உத்தியோகத்தை வடை ஆறுவதற்குள் சொல்லி முடிக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

அன்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், டேட்டம் டேட்டம்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படின்னா உண்மையில என்னங்க சார்?" என்று கேட்டாள். புத்தகத்தில் உள்ளதைச் சொன்னேன். எந்த அளவும் ஓரிடத்திலிருந்து தொடங்கியாக வேண்டும், அந்தத் தொடக்கம்தான் டேட்டம் என்றேன். தலையாட்டி எழுதிக்கொண்டாள். சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது பரீட்சைக்கு எழுதுகிற பதில். அந்தச் சொல்லின் பேரால் நான் ஏழு குடும்பங்களின் வீட்டைப் பிடுங்கியிருக்கிறேன். அதைச் சொல்லாமல் வடை தின்றுவிட்டு வந்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

சொல் லத்தீன். குன்னூரில் ஒரு வாத்தியார் இருந்தார். பாதிரியாராகப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பி வந்தவர். மலை ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவர்தான் எனக்கு விளக்கினார். 'தரப்பட்டது' என்று அர்த்தமாம். அந்தக் காலத்து ரோமாபுரிக்காரர்கள் கடிதத்தில், இன்ன ஊரில் இன்ன நாளில் தரப்பட்டது என்று எழுதுவார்களாம். நாம் காகிதத்தின் மூலையில் போடுகிற 'டேட்' அதிலிருந்து வந்ததுதானாம். கோயமுத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் மச்சினனைக் கேட்டால், இரும்புத் துண்டில் முதன்முதலாகச் சீவி வழவழப்பாக்குகிற பக்கம்தான் டேட்டம் என்பான். மற்ற பக்கங்களையெல்லாம் அதிலிருந்துதான் அளப்பான். தத்துவம் படிப்பவர்களுக்கு, நாம் யோசிக்கத் தொடங்கும் முன்பே நம் எதிரில் வந்து கிடப்பது டேட்டம். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மகளுக்கு அதன் பன்மை மட்டும்தான் தெரியும், டேட்டா. உங்களுக்கோ அது தினமும் மத்தியானத்துக்குள் தீர்ந்துபோகிற ஒரு சாமான்.

இத்தனை துறைக்குப் போயும் அந்தச் சொல்லின் ஒரு குணம் மட்டும் மாறவில்லை. அதை யாரும் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. தரப்பட்டதென்றால் தரப்பட்டதுதான். யார் தந்தார்கள், ஒழுங்காகத்தான் தந்தார்களா என்று கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நகராது. நானும் கேட்கவில்லை.

கப்பலில் சிலோன்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. அரசாங்கக் காகிதத்தில் அவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அந்தத் தாயகத்தை அவர்களில் பாதிப்பேர் கப்பலைவிட்டு இறங்கிய அன்றுதான் முதன்முதலாகக் கண்ணால் பார்த்தார்கள். கூடலூர்ப் பக்கம் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டு, அவர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார்கள். அவர்களுக்குத் தேயிலை வேலை கைவந்தது. இடம்தான் போதவில்லை. வரிசையாக ஒட்டிக் கட்டிக் கொடுத்த லைன் வீடுகள் முன்னால் வந்தவர்களுக்கே சரியாகிவிட்டன. பின்னால் வந்த ஏழு குடும்பங்களை, "மேல சரிவுல தற்சமயம் குடிசை போட்டுக்கங்க, பின்னால பட்டா குடுப்போம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பினார்கள். அவர்களும் மூங்கில் நட்டு, மண் அப்பி, தகரம் போட்டு ஏழு வீடு கட்டிக்கொண்டார்கள். வாசலில் அவரை போட்டார்கள், ஓடையிலிருந்து மூங்கில் குழாயில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அந்தச் சரிவுக்கு மேலே ரிசர்வ் காடு. கீழே வருவாய் நிலம். நடுவில் ஒரு எல்லைக் கோடு. வீடுகள் கோட்டுக்குக் கீழே இருந்தால் பட்டா, மேலே இருந்தால் காலி செய்ய வேண்டும். அந்தக் கோட்டைத் தரையில் போட்டு வரைபடம் கொடுக்க அனுப்பப்பட்டவன் நான். அப்போது எனக்குப் பணி இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஆடி மாதம். கூடலூர் மழை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வாரமாக மூடுபனி விலகவில்லை. பழைய எல்லைக் கற்களிலிருந்துதான் கோட்டை அளந்து போட வேண்டும்; எதிர்மலையில் இருந்த கல் கண்ணுக்கே தெரியவில்லை. ஓடைக்கரையில் இருக்க வேண்டிய கல்லை முந்தின வருட வெள்ளம் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியது மேட்டில் நின்ற ஒரே ஒரு பழைய கல். செதுக்கிய கல், தலையில் பெருக்கல் குறி, பார்த்தவுடனே சர்க்கார் கல் என்று தெரியும். அலுவலகத்தில் எங்கள் பெரியவர், வெள்ளிக்கிழமைக்குள் படம் மேஜைக்கு வரவேண்டும், மேலே இருந்து அதிகாரி வருகிறார் என்று சொல்லியிருந்தார். பெரியவர் என்றுதான் சொல்லப்போகிறேன், பேர் வேண்டாம். கருவியை எப்படித் தொடுவது என்பதிலிருந்து எனக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவர் அவர். கடைசியில் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார், அதற்கு வருகிறேன்.

என்னோடு அளவுச் சங்கிலி பிடிக்க வந்தவர் போஜன். படகர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். வெள்ளைக்காரன் காலத்துக் கல்லிலிருந்து நேற்றுப் போட்ட கல் வரைக்கும் தெரிந்தவர். நான் கருவியைக் கல்லுக்கு மேல் நிறுத்திக்கொண்டிருந்தபோது அவர் குனிந்து கல்லின் தலையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"சார், குறிக்குள்ள மஞ்சள் இருக்கு. யாரோ பூசை பண்ணியிருக்காங்க."

"பண்ணட்டுமே போஜண்ணா. நாட்டுல எந்தக் கல்லத்தான் சும்மா உடறாங்க."

"அதுக்கில்ல சார். ஆள் கை பட்ட கல்லு. அடியில தோண்டிப் பாத்துடலாமா? கரி இருந்தா பழைய கல்லு, பழைய எடம். அரை மணி நேரம் ஆகும்."

உங்களில் பலருக்கு இது தெரியாமல் இருக்கலாம். அந்தப் பக்கத்தில் எல்லைக் கல் நடும்போது குழியில் முதலில் நாலு கை கரி போட்டு மூடி, அதன்மேல்தான் கல்லை நிறுத்தியிருந்தார்கள். கல்லைக் களவு கொண்டுபோகலாம், கரியை யாரும் களவு கொண்டுபோக மாட்டான். கரி மக்குவதும் இல்லை. எதிர்மலைக் கல் தெரியாத அன்று, அந்தக் கரிதான் எனக்கு இருந்த ஒரே சாட்சி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா. "பூசை பண்ணுனா கல்லுக்குக் கால் மொளைச்சுருமாங்க? மழை வலுக்குறதுக்குள்ள சங்கிலியப் புடிங்க." நனைந்த மழைக்கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு, நகைச்சுவையாகப் பேசிவிட்டதாக நினைத்துச் சிரித்தேன். போஜன் சிரிக்கவில்லை. சங்கிலியை எடுத்துக்கொண்டு சரிவில் இறங்கினார்.

பனியைக் குறை சொல்லலாம், வெள்ளிக்கிழமையைக் குறை சொல்லலாம். வருடக்கணக்காகச் சொல்லிப் பார்த்தவன் நான். ஆனால் தோண்டுவதற்குப் பனி தடையே இல்லை. என்னைவிடத் தெரிந்த ஆள், சம்பளத்தில் என்னைவிடக் குறைந்த ஆள், வேலையை நிறுத்தச் சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கோடு வந்து விழுந்தது. ஏழு வீடும் கோட்டுக்கு மேலே, காட்டுப் பக்கம். வியாழக்கிழமையே படத்தைக் கொடுத்துவிட்டேன். பெரியவர் தட்டிக்கொடுத்தார்.

அடுத்த மாதம் அந்தக் கோட்டில் கல் நடவும், பழைய கல்லுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கவும் திரும்பப் போனோம். காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் அதற்குள் ஏழு வீட்டுக் கதவிலும் ஒட்டப்பட்டிருந்தது. பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது கொழுந்துக் கூடையை முதுகில் மாட்டியபடி ஒரு பெண் மேலே ஏறி வந்தாள். முப்பது வயது இருக்கும். லெச்சுமி என்று பேர். நான் நோட்டீஸைப் பற்றிச் சண்டை போட வருகிறாள் என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டேன். அவள் பார்த்தது என்னை இல்லை, கல்லை.

"ஐயா, சாமி தலையில போயி பெயின்ட அடிச்சிட்டீங்களே. பாவமில்லீங்களா?"

"எந்தச் சாமி?"

"கவ்வாத்து சாமிங்க."

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை இடுப்பளவுக்கு வெட்டிவிடுவது. கொஞ்சம் கொஞ்சமாக அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அங்கிட்டு சிலோன்ல ஒவ்வொரு மலைக்கும் ஒரு சாமிக் கல்லு இருக்குமுங்க. மொத வெட்டு வெட்டுறதுக்கு முன்ன, கத்தியெல்லாம் அது முன்னால வச்சி, தேங்கா ஒடச்சி கும்புட்டுட்டுத்தான் கவ்வாத்துல எறங்குவாங்க. இல்லாட்டி கத்தி கால்ல எறங்கிரும். இங்க புது மலை, கும்புட ஒரு கல்லு இல்ல. மேல இது மட்டும் தனியா நின்னுச்சு. தலையில குறியெல்லாம் போட்டிருந்துச்சா, யாரோ வச்சி மறந்துட்டுப் போன சாமின்னு நெனச்சம். எங்க வீட்டுக்காரருதான் கவ்வாத்துக்குத் தலைவரு. அவரும் மூணு பேருமா தூக்கியாந்து மலைத் தலைப்புல வச்சாங்க. ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லாம வேலை முடிஞ்சிச்சுங்க."

"அப்புறம்?"

"எரவல் வாங்குன சாமியில்லீங்களா. திருப்பி வச்சிரணும்னு சொன்னாரு. ஆனா அதுக்குள்ள மழை புடிச்சி, அந்தக் குழியெல்லாம் சேறாப் போச்சு. வச்சா சாமி சாஞ்சிருமேன்னு, கொஞ்சம் கீழ எறக்கி, கெட்டி மண்ணாப் பாத்து, அசையாமக் கெட்டியா நட்டாருங்க. இதோ இப்ப நிக்கிதே."

"முன்னால எங்க இருந்துது?"

அவள் மேட்டில் இன்னும் மேலே கையை நீட்டினாள். போஜன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு அவள் காட்டிய இடத்துக்கு ஏறினார். நான் கீழேயே நின்று தப்படிகளை எண்ணினேன். நாற்பது. கால் மணி நேரம் கழித்து அவர் இறங்கிவந்து, என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் ஈரக் கரியை வைத்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாற்பது தப்படி மேலே கல் நின்றிருந்தால் கோடும் அத்தனை மேலே போயிருக்கும். ஏழு வீடும் வருவாய் நிலத்தில், பட்டாவுக்குள், பத்திரமாக இருந்திருக்கும். நிலத்தைத் திருடக் கல்லை நகர்த்துகிறவர்களை என் உத்தியோகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். சாமி சாய்ந்துவிடக்கூடாது என்று கல்லை நகர்த்தித் தங்கள் வீட்டைத் தாங்களே எல்லைக்கு வெளியே தள்ளிக்கொண்டவர்களை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. அவர்களுக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவன் நான், அரை மணி நேரத்தை மிச்சம் பிடித்தவன்.

கரியைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு மறுநாள் பெரியவரிடம் போனேன். மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை, உட்காரச் சொன்னார், முழுக்கக் கேட்டார். பொட்டலத்தைப் பிரித்து, மோந்து பார்த்து, திரும்ப மடித்து வைத்தார்.

"ஏப்பா, சர்வே கல்ல நகத்துறது குத்தம்னு தெரியுமல்ல?"

"தெரியுங்க."

"அப்ப நீ எழுதறதுன்னா நகத்துனவன் பேரையும் சேத்து எழுதோணும். அவன உள்ள வெப்பாங்க. பொழைக்க வந்த எடத்துல ஜெயிலு. கல்லு நகந்தது தெரியாம ஏன் அளந்தேன்னு உனக்கு ஒரு மெமோ வரும், உன்ற பணி நிரந்தரம் அதோட போச்சு. படத்துல கையெழுத்துப் போட்டவன் நானு, எனக்கும் ஒண்ணு வரும். மூணு பேருத்துக்கும் கேடு. இல்லையா, பேசாம இரு. அந்த சனத்துக்கு வேற எங்காச்சும் எடம் பாத்துக் குடுப்பாங்க. படம் மேல போயிருச்சு கண்ணு. இனி அதுதான் எல்லாத்துக்கும் ஆதாரம்."

பாருங்கள், எவ்வளவு அழகாகச் சொன்னார். வாயை மூடிக்கொண்டால் நான் லெச்சுமியின் புருஷனைக் காப்பாற்றுகிறேன். ஒரு ஏழையை ஜெயிலுக்கு அனுப்பாத நல்லவன் நான். இந்த எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன், நன்றாகச் சாப்பிட்டேன், தூங்கவும் தூங்கினேன். நெருக்கடியில் மனிதன் எடுக்கிற கேவலமான முடிவு, கேவலமாகத் தெரிவதில்லை. யாரையோ காப்பாற்றுவதுபோல் தெரியும். அப்படித் தெரியும்போது கொஞ்சம் நின்று, காப்பாற்றப்படுகிறவர்களில் நாமும் இருக்கிறோமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி ஒன்று இருந்தது. அதை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. 'என் தொடக்கப் புள்ளியை நான் சோதிக்கவில்லை. அதன் அடியில் கரி இல்லை, நாற்பது தப்படி மேலே இருக்கிறது. என் அளவு தப்பு. மறுபடி அளக்க அனுமதி வேண்டும்.' நாலே வாக்கியம். அதில் யாருடைய பேரும் தேவையில்லை, என் பேரைத் தவிர. கல் எப்படி நகர்ந்தது என்று கேட்டால், மழையில் சரிந்திருக்கலாம் என்று விட்டிருக்கலாம். அந்த மலையில் மழைக்கு லாரியே சரிந்திருக்கிறது. அந்த நாலு வாக்கியத்தை எழுதுவதற்கு எனக்கு மேலிடத்து உத்தரவு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை, துணிச்சல்தான் வேண்டியிருந்தது. அது என்னிடம் இல்லை. இப்படி வெளிப்படையாகச் சொல்லவே இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது.

அடுத்த முகாமில் கூடாரம் அடிக்கும்போது போஜன், "எழுதினீங்களா சார்?" என்று ஒருதரம் கேட்டார். "எழுதறேனுங்க" என்றேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. இரண்டு மாதத்தில் வேறு குழுவுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். வழியில் பார்த்தால் வணக்கம் சொல்வார். எனக்கு வணக்கமாக அது படாது.

வீடுகளைப் பிரித்த அன்று நான் போகவில்லை. போயிருக்க வேண்டும். கோடு போட்டவன் அந்தக் கோடு என்ன செய்கிறது என்று நின்று பார்க்க வேண்டும். தகரத்தை அவர்களே கழற்றிக்கொண்டார்கள், அவரைப் பந்தலை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பெரியவர் சொன்ன அந்த வேறு இடத்தை யாரும் பார்த்துக் கொடுக்கவில்லை. ஏழு குடும்பமும் ஏழு பக்கம் தினக்கூலிக்குச் சிதறிப்போயின. எனக்கு அந்த மார்ச்சில் பணி நிரந்தரமானது. அலுவலகத்தில் எல்லாருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன்.

பல வருடம் கழித்துக் கூடலூர் பஸ் நிலையத்தில் லெச்சுமியைப் பார்த்தேன். நான் அடையாளம் தெரியாததுபோல் திரும்பிக்கொண்டேன். அவள்தான் கிட்டே வந்தாள். "அளவுக்காரய்யாதானுங்களே? நல்லா இருக்கீங்களா?" என்றாள். நடுவட்டத்துப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பதாகச் சொன்னாள். புருஷன் பழனியாண்டி போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

"கடைசி வரைக்கும் அதே நெனப்புதாங்க ஐயா அவருக்கு. சாமிய எடம் மாத்தி நட்டுட்டேன், அதான் நம்ம ஏழு குடும்பத்தையும் எடமில்லாம அடிச்சிருச்சுன்னு. கவ்வாத்துக் கத்திய அதுக்கப்புறம் கையில தொடலீங்க. மத்த ஆறு குடும்பத்து ஆளுங்க எதுக்க வந்தா தலைய குனிஞ்சிக்குவாரு. சாகையிலயும் அதத்தான் சொன்னாரு."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். சாமி அடிக்கவில்லை அம்மா, நான் அடித்தேன் என்று. என் வாயில் வந்தது, "மனசத் தேத்திக்கங்க" என்பது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். ஒரு மனிதனின் வீட்டைப் பிடுங்கியது பத்தாதென்று, என் குற்றத்தையும் அவன் தலையில் ஏற்றிச் சுடுகாடு வரைக்கும் அனுப்பியிருக்கிறேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. உறைத்தும் என்ன. ஓய்வு பெறும்வரை பென்ஷன் பயம், வாயைத் திறக்கவில்லை.

ஓய்வு பெற்றபின் எழுதினேன். அந்த நாலு வாக்கியத்தையும், கரி இருக்கும் இடத்தையும் விளக்கமாக எழுதிப் பதிவுத்தபாலில் அனுப்பினேன். ஒரு பக்கப் பதில் வந்தது. மேற்படி வரைபடம் நீண்டகாலமாக ஆதாரமாகக் கொள்ளப்பட்டு, அதன் அடிப்படையில் பின்னர் பல அளவுகள் செய்யப்பட்டுவிட்டபடியால், அதை இப்போது மாற்ற இயலாது என்று இருந்தது. சரிதான். அளந்தவனே தப்பென்று கத்தினாலும், தரப்பட்டது தரப்பட்டதுதான்.

இப்போது மூன்றாவது வரிசைப் பெண்ணுக்குச் சொல்கிறேன். அன்று உன் மேஜைமேல் இருந்த வரைபடத்தை வடை கொடுக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன் அம்மா. அது என் படம். என் கையால் போட்ட கோட்டைத்தான் நீ கம்ப்யூட்டருக்குள் ஏற்றிக்கொண்டிருக்கிறாய். இனி வானத்திலிருந்து அளந்தாலும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளப்பார்கள். கோடு சுத்தமாக இருக்கும், தசம ஸ்தானம் ஏழெட்டு இருக்கும், நாற்பது தப்படி தப்பாகவும் இருக்கும். முடிந்தால் ஒரு நாள் மேட்டுக்குப் போ. சிவப்புக் கல்லிலிருந்து நேர் மேலே நாற்பது தப்படி. கடப்பாரையை மறக்காதே. கூட வருகிற ஆள் தோண்டலாமா என்று கேட்டால், அவருக்கு முன்னால் நீ தோண்டு.

கடைசியாக ஒன்று. அந்தப் பதில் கடிதம் வந்த வாரமே நடுவட்டத்துக்குப் போனேன். விசாரித்து விசாரித்து லெச்சுமியின் லைன் வீட்டைக் கண்டுபிடித்தேன். கிழவியாகியிருந்தாள், கண் பார்வை மங்கியிருந்தது, குரலை வைத்து என்னைத் தெரிந்துகொண்டாள். சாயம் போட்டுக் கொடுத்தாள், பால் இல்லாத டீக்கு அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். சுவரில் பழனியாண்டியின் படம் இருந்தது. தோண்டாமல் அளந்ததிலிருந்து பஸ் நிலையத்தில் வாய் திறக்காதது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் என் காலி டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள். "அப்ப அவரு மேல தப்பில்லீங்களா?"

"இல்லீங்க. தப்பு முழுக்க என்னுது."

"எழுதித் தருவீங்களா?"

அவள் பேத்தியின் பள்ளிக்கூட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். எழுதினேன். வீடுகள் போனதற்குப் பழனியாண்டி காரணம் இல்லை, அவர் சாமியை நட்டதில் குற்றம் இல்லை, அளவு எடுத்தவன் தன் வேலையைச் செய்யவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டேன். பழக்கதோஷம், இடம் நடுவட்டம் என்றும், அன்றைய தேதியும் எழுதினேன். என் உத்தியோகத்தில் நான் போட்ட ஆயிரக்கணக்கான தேதிகளில் அது ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது.

வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். இன்னொரு தடவை என்றாள். மறுபடியும் வாசித்தேன். தாளை வாங்கித் தடவிப் பார்த்து, நாலாக மடித்து, எழுந்து போய்ப் படத்துக்குப் பின்னால் செருகினாள். என் பக்கம் திரும்பாமல், படத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இத அவரு இருக்கையில தந்திருக்கணுமுங்க ஐயா."